ஃபட் போயாச்சு, இனி யூகான் எத்தனை பேரோடு மார்ச் வரை ஓடும்?

மூலைவீச்சு | 23 நவம்பர் 2023, காலை

நேற்று அறிவித்துவிட்டார்கள். யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பெண்கள் கூடைப்பந்து அணியின் அஸ்ஸி ஃபட்டுக்கு வலது முட்டியில் ஏசிஎல் ஜவ்வும் (முட்டிக்குள் குறுக்கே போகும் ஜவ்வு) உள்பக்க மெனிஸ்கஸும் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருக்கிறது. 14ஆம் தேதி பயிற்சியில் ஆன அடி. இந்த சீசனில் டேட்டன், என்சி ஸ்டேட் என்று ஆடியது இரண்டே ஆட்டம். போன வருஷம் பெய்ஜ் பெக்கர்ஸ் முழு சீசனும் உட்கார்ந்தார், இந்த வருஷம் இவர். போன சீசனில் ஃபட் அடிபட்டு மார்ச்சில் திரும்பி வந்தாரே, இந்தத் தடவையும் பிக் ஈஸ்ட் (யூகான் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பு) போட்டிக்குள் வந்துவிட மாட்டாரா? ஆள் கணக்கு வேறு உதைக்கிறது. யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

முட்டிப்பாடம் | 23 நவம்பர் 2023, மதியம்

வரமாட்டார். போன சீசனில் அந்த முட்டியில் கிழிசல் இல்லை, அதனால் வாரக்கணக்கில் திரும்ப முடிந்தது. இது வேறு. கிழிந்த ஏசிஎல்லைத் தைத்து ஒட்டுவது அபூர்வம். முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணிலிருந்தோ, தொடையின் பின்தசை நாணிலிருந்தோ, முன்தசை நாணிலிருந்தோ ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதைப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். உடம்பு அந்தப் பட்டைக்கு ரத்த ஓட்டம் கொடுத்து ஜவ்வாக மாற்றிக்கொள்ள மாதக்கணக்கு ஆகும்.

வழக்கமான படி இது: முதல் இரண்டு வாரம் வீக்கம் இறங்கி முட்டி முழுசாக நீள வேண்டும். நீளாத முட்டி பின்னால் நொண்டும், அதனால் மடக்குவதைவிட நீட்டுவதுதான் அவசரம். மூன்று மாதத்தையொட்டி நேர்கோட்டில் மெல்ல ஓட்டம். நாலைந்து மாதத்தில் இரண்டு காலில் குதிப்பது, அப்புறம் ஒற்றைக் கால். ஆறேழு மாதத்தில் யாரும் மோதாத பயிற்சி. ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்தில் இறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து நன்றாகவே கூடுகிறது. இதில் மோசமான கட்டம் ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை. வலி போயிருக்கும், நடை சரியாயிருக்கும், உள்ளே ஒட்டுப்பட்டை மட்டும் இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். ஆட்டக்காரர்கள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று படியில் துள்ளி இறங்குவது அப்போதுதான்.

அடுத்த ஆகஸ்ட், செப்டம்பர் என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

முட்டிப்பாடம் | 23 நவம்பர் 2023, இரவு

மதியம் எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று, மெனிஸ்கஸை மறந்துவிட்டேன். கிழிந்த துண்டை வெட்டி எடுத்தால் கால அட்டவணை பெரிதாக மாறாது, ஆனால் பத்து வருஷம் கழித்து முட்டி தேய்வதற்கு வட்டி கட்ட வேண்டும். தைத்தால் முட்டி பிழைக்கும். பதிலுக்கு முதல் நாலிலிருந்து ஆறு வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, காலில் எடை போடுவதும் கட்டுப்பாட்டில் இருக்கும். தொடை முன்தசை அந்த நேரத்தில் கண்ணெதிரே சூம்பிப் போகும். அதை மீட்கத்தான் பாதி வருஷம்.

இரண்டு, இது அதே வலது முட்டி. 2019இல் பள்ளியில் படிக்கும்போதே ஏசிஎல்லும் எம்சிஎல்லும் (முட்டியின் உள்பக்க ஜவ்வு) அதில்தான் போனது. இரண்டாம் தடவை என்றால் முன்பு எடுத்த இடத்திலிருந்து மறுபடி பட்டை எடுக்க முடியாது, பழைய துளைகளையும் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். எந்த மருத்துவரும் இதில் ஒன்பது மாதத்தில் ஆட அனுமதி தர மாட்டார். செப்டம்பரை அழித்துவிட்டு அடுத்த நவம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோர்ஷீட் | 24 நவம்பர் 2023

ஆள் கணக்குக்கு வருகிறேன். ஒரு ஆட்டம் 40 நிமிஷம், களத்தில் ஐந்து பேர், ஆக 200 நிமிஷம். பெக்கர்ஸ், எட்வர்ட்ஸ், மூல் மூன்று பேரும் ஆளுக்கு 35 எடுத்தால் 105. மீதி 95ஐப் பங்கு போட வேண்டியவர்கள் பெரும்பாலும் முதலாண்டுப் பிள்ளைகள். நிமிஷக் கணக்கு எப்படியும் தேறிவிடும். தேறாதது ஃபவுல் கணக்கு. ஆளுக்கு ஐந்து, ஐந்தாவதோடு ஆட்டத்திலிருந்து வெளியே. எட்வர்ட்ஸுக்கு முதல் பாதியில் இரண்டாவது ஃபவுல் விழுந்ததும் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெமா அவரை பெஞ்ச்சில் உட்கார வைப்பார். அப்போது கூடைக்குக் கீழே நிற்க உயரமான ஆள் யார்? ஐஸ் பிரேடி. அவரே போன வருஷம் முட்டிச்சில்லு விலகி ஒரு ஆட்டமும் ஆடாதவர்.

போன ஜனவரியை நினைவிருக்கிறதா? 8ஆம் தேதி டீபால் ஆட்டமே தள்ளிப்போனது. பிக் ஈஸ்ட் விதிப்படி உதவித்தொகையில் இருப்பவர்களில் ஏழு பேராவது ஆடத் தயாராக இருக்க வேண்டும். யூகானிடம் ஏழு இல்லை. பிப்ரவரியில் சவுத் கரோலினாவிடமும் மார்க்கெட்டிடமும் அடுத்தடுத்துத் தோற்றார்கள். 1993க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. மார்ச்சில் தேசியக் கல்லூரிப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட் 73-61 என்று அனுப்பிவைத்தது, தொடர்ந்து 14 தடவை இறுதி நால்வரில் நின்ற வரிசை அத்தோடு முடிந்தது.

மூலைவீச்சு | 4 டிசம்பர் 2023

டெக்சஸ் 80-68. என்சி ஸ்டேட், யுசிஎல்ஏ, இப்போது இது. டிசம்பர் தொடங்கும்போதே மூன்று தோல்வி. டுஷார்மும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கென்னவோ இது சாபம் என்றே படுகிறது.

முட்டிப்பாடம் | 5 டிசம்பர் 2023

சாபம் கழிக்க எலுமிச்சம்பழம் சுற்றிப் போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் பெண்கள் கூடைப்பந்தில் ஏசிஎல் கிழிவது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது எல்லா அணிக்கும் பொதுவான கதை. பெரும்பாலான கிழிசலில் எதிராளி தொடுவதே இல்லை. ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்துவது, திசை மாற்றுவது, ஒற்றைக் காலில் இறங்குவது, இவைதான். அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் தெறிக்கும் பந்துக்கு) குதித்து இறங்குகிறவரின் முட்டியைப் பாருங்கள். நன்றாக மடங்கி, பாதவிரலுக்கு நேராக நின்றால் சரி. நீட்டியபடி இறங்கி உள்பக்கம் சரிந்தால் அங்கேதான் வம்பு. அசதி கூடக்கூட இறங்கும் விதம் கெடும். ஆகவே ஆள் குறைந்த அணிக்கு அடுத்த அடி சீக்கிரம் வருவதில் மர்மம் ஒன்றுமில்லை.

டுஷார்ம் விஷயம் வேறு வகை. போன ஜனவரியில் தலையில் அடி, இப்போது தலை-கழுத்துப் பிடிப்பு. தலையடிக்குப் பிறகு திரும்புவது படிப்படியாக: மெல்லிய ஓட்டம், தனியாகப் பந்து, மோதலில்லாப் பயிற்சி, மோதலோடு பயிற்சி, அப்புறம் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நடுவில் தலைவலி வந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஸ்கேனில் தெரியாத அடி என்பதால் ரசிகர்கள் அலட்சியமாகப் பேசுகிறார்கள். எனக்கு முட்டியைவிட இதுதான் பயம்.

ஸ்கோர்ஷீட் | 18 டிசம்பர் 2023

அயானா பேட்டர்சனுக்கும் முட்டியில் அறுவைச் சிகிச்சை, சீசன் முடிந்தது. எகிப்துக்காரி ஜனா எல் அல்ஃபி கோடையிலேயே 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியே. ஃபட்டையும் சேர்த்தால் பேட்டர்சன் மூன்றாவது ஆள்.

போன மாதம் நான் போட்ட கணக்கில் ஒரு ஓட்டை. ஆட்டத்தை மட்டும் பார்த்தேன், பயிற்சியை விட்டுவிட்டேன். ஐந்துக்கு ஐந்து பயிற்சிக்குப் பத்துப் பேர் வேண்டும். யூகானில் ஆண் மாணவர்கள் எதிரணியாக வந்து ஆடுவது வெகுகால வழக்கம், அதனால் ஆட்டமில்லா நாளிலும் பயிற்சி நடக்கிறது. ஆனாலும் தாக்குதல் முறையைப் பழகும்போது முதல் ஐந்து பேர் இடைவெளியின்றி நிற்க வேண்டும், மாற்றிவிட ஆளில்லை. அதைத் தவிர்க்கப் பயிற்சி நேரத்தையே குறைப்பார்கள். குறைத்தால் முதலாண்டுப் பிள்ளைகள் கற்பது தாமதமாகும். அடிபட்டவர் பட்டியலைவிட இந்தச் சுற்றுதான் அணியை அரிக்கிறது.

மூலைவீச்சு | 6 ஜனவரி 2024

ஆப்ரி கிரிஃபின். கிரெய்டன் ஆட்டத்தில், 94-50 என்று ஜெயித்த ஆட்டத்தில், இடது முட்டி ஏசிஎல். பாவம், இந்த வருஷத்தை மருத்துவ விலக்கில் (அடிபட்டு வீணான வருஷத்தை ஆடத் தகுதியுள்ள வருஷங்களில் எண்ணாமல் விடுவது) திரும்ப வாங்கிவிடலாம்தானே?

ஸ்கோர்ஷீட் | 6 ஜனவரி 2024

அந்த விலக்கு கிடைக்காது. அடி சீசனின் முதல் பாதியில் பட்டிருக்க வேண்டும், அணியின் மொத்த ஆட்டத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஆடியிருக்கக்கூடாது. முப்பது சொச்சம் ஆட்டத்துக்கு வரம்பு ஒன்பதோ பத்தோதான். கிரிஃபின் அதைத் தாண்டிவிட்டார். ஃபட் இரண்டே ஆட்டம், அவருக்கு மிகச் சுலபமாகக் கிடைக்கும்.

ஸ்கோர்ஷீட் | 6 ஜனவரி 2024, பத்து நிமிஷம் கழித்து

அவசரப்பட்டு உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன். கிரிஃபினுக்கு விலக்கே தேவையில்லை. 2020-21 கோவிட் சீசனை யாருக்கும் கணக்கில் எடுக்கவில்லை, 2021-22இல் அவர் அடிபட்டு ஆடவேயில்லை. ஒரு வருஷம் கையில் மிச்சம் இருக்கிறது. வேண்டுமானால் திரும்பலாம்.

முட்டிப்பாடம் | 20 ஜனவரி 2024

யூகான் புலம்பல் போதும், டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) பக்கம் பாருங்கள். அடிபட்டு அடிபட்டு ஆளே இல்லாமல் கன்சாஸ் ஸ்டேட், அயோவா ஸ்டேட் இரண்டு ஆட்டத்தையும் ஆடாமலே விட்டுக்கொடுத்துவிட்டு, கல்லூரியில் "யார் வேண்டுமானாலும் வாருங்கள்" என்று தேர்வு நடத்தி நாலு மாணவிகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

மூலைவீச்சு | 20 ஜனவரி 2024

நம்ம ஊர் வாலிபால் டோர்னமெண்ட்டில் மைக்கில் கூப்பிடுவது போல! சேர்ந்தவர்கள் களத்தில் என்ன செய்ய முடியும்?

ஸ்கோர்ஷீட் | 21 ஜனவரி 2024

அவர்கள் கூடை போட வேண்டிய அவசியமில்லை. மூன்று நிமிஷம் நிற்க வேண்டும், ஃபவுல் வாங்க வேண்டும், பயிற்சியில் பத்தாவது ஆளாக இருக்க வேண்டும். அதுவே அணிக்கு ஆறுதல்.

ஸ்கோர்ஷீட் | 28 ஜனவரி 2024

நோட்டர் டேமிடம் 82-67 தோல்வி. நேற்று ஆட்டத்தைத் திரும்பப் பார்த்து ஆள் மாற்றும் நேரங்களைக் குறித்துக்கொண்டேன். எட்டுப் பேரை வைத்து அணியை ஓட்டுவது எப்படி என்று கேட்டவர்களுக்காக.

பெண்கள் ஆட்டத்தில் பத்துப் பத்து நிமிஷமாக நாலு கால்பகுதி. ஒவ்வொன்றிலும் கடிகாரம் 5:00க்குக் கீழே இறங்கியபின் முதல் தடவை ஆட்டம் நிற்கும்போது தொலைக்காட்சி இடைவேளை. நல்ல பயிற்சியாளர் முக்கியமான ஆளை 5:40 வாக்கில் வெளியே எடுப்பார், இடைவேளை முடிந்ததும் உள்ளே விடுவார். ஆட்டக் கடிகாரத்தில் அவர் இழப்பது ஒரு நிமிஷம். நிஜக் கடிகாரத்தில் நாலைந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார். கால்பகுதியின் கடைசி 40 விநாடியிலும் இதே வேலை, கூடவே இடைவெளியும் சேர்ந்துவிடும். ஸ்கோர்ஷீட்டில் 37 நிமிஷம் என்று இருந்தாலும் இப்படி மூன்று தடவை மூச்சு வாங்கினவரும் ஒரே மூச்சில் ஓடினவரும் ஒன்றல்ல.

இது எங்கே கவிழும்? எதிரணி ஃபவுலே செய்யாமல், பந்து வெளியே போகாமல் ஆடினால் அந்த இடைவேளை 3:20 வரைகூட வராது. வெளியே எடுத்தவர் இரண்டு நிமிஷத்துக்கு மேல் வெளியிலேயே நிற்பார், அதற்குள் எட்டுப் புள்ளி ஓடிவிடும்.

2-3 ஜோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது) ஆடினால் கால் மிச்சமாகும், ஃபவுலும் குறையும். ஆனால் ஜோனில் யார் யாரைத் தடுத்து ரீபவுண்டுக்கு நிற்பது என்ற கட்டு இல்லை, எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பு கொட்டும். மூலையிலிருந்து மூன்று புள்ளி வேறு. பெக்கர்ஸை உயரமான ஆளின் இடத்தில் நாலாம் எண்ணாக நிறுத்தி ஜீனோ சமாளிக்கிறார். தாக்குதலில் அது லாபம்தான், அவரைத் துரத்தி வெளியே வர எதிரணியின் உயரக்காரிக்குக் கால் போதாது. தடுப்பில் அதே உயரக்காரியின் முழங்கை இவர் விலாவில். ஒரு தடவை ஏசிஎல் போன உடம்பு அது.

மூலைவீச்சு | 15 பிப்ரவரி 2024

சவுத் கரோலினாவிடம் 83-65 பற்றி நான் பேச விரும்பவில்லை. வேறு கேள்வி. காலணி மேல் பழி போடலாமா? 2019இல் டியூக் ஆண்கள் அணியின் சயான் வில்லியம்சன் நார்த் கரோலினாவோடு ஆடும்போது ஷூ பிளந்ததே. மூன்று மாதம் உட்கார்ந்தாரே?

முட்டிப்பாடம் | 15 பிப்ரவரி 2024

மூன்று மாதமா? மூன்று வாரம். பிப்ரவரி 20 அன்று ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இடது ஷூ பிளந்து, வலது முட்டி லேசாகப் பிசகியது. ஐந்து ஆட்டம் தவறி, மார்ச் 14இல் சிராக்யூஸுக்கு எதிராக வந்து 13க்கு 13 கூடை போட்டார். ஷூ பிளப்பது லட்சத்தில் ஒன்று.

கூடைப்பந்தில் அதிகம் போவது கணுக்கால். அதற்குக் கட்டுதான் காவல். பாதம் காலுக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும், கட்டி முடிக்கும்வரை. முதலில் மெல்லிய நுரைச் சுற்று. கணுக்கால் முட்டுக்கு நாலைந்து அங்குலம் மேலே 3.8 செ.மீ. டேப்பால் இரண்டு வளையம். அங்கிருந்து உள்பக்கமாக இறங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கம் இழுத்து ஏற்றும் பட்டி மூன்று, ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி. பிறகு எட்டு வடிவச் சுற்று, குதிகாலைப் பூட்டும் சுற்று இருபக்கமும் இரண்டிரண்டு. கெடுப்பவை மூன்று: பாதம் கீழ்நோக்கித் தொங்கும்போது கட்டுவது, சுருக்கத்தின் மேல் ஒட்டிக் கொப்புளம் வாங்குவது, சுண்டுவிரல் எலும்பின் அடிப்புறத்தில் இறுக்குவது. உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருக்கும், நின்றதும் பாதம் விரிந்து உயிர் போகும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் அரை மணி ஓட்டத்தில் டேப் தளரும். இரண்டாம் பாதிக்குக் கயிறு கட்டும் பிரேஸ் மேல். இழுத்து முடிந்துகொள்ளலாம், மறுபடி கட்ட ஆள் தேவையில்லை.

மூலைவீச்சு | 10 மார்ச் 2024

எட்வர்ட்ஸ் மூக்கு உடைந்தது. பிக் ஈஸ்ட் கால் இறுதியில். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, அழ முடியவில்லை.

முட்டிப்பாடம் | 10 மார்ச் 2024

மூக்கு நல்ல அடி. அதாவது, இருக்கிற அடிகளிலேயே நல்லது. வீக்கம் இறங்க மூன்று முதல் ஐந்து நாள், கோணலாயிருந்தால் பத்து நாளுக்குள் நேராக்க வேண்டும். அப்புறம் பாலிகார்பனேட் முகமூடி போட்டு ஆடலாம். முகமூடியின் தொல்லை கீழ்ப்பார்வை மறைவது. இடுப்பு உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்கத் தடுமாறுவார். வியர்வை வழிந்து உள்ளே மூடுபனி கட்டும்.

ஸ்கோர்ஷீட் | 12 மார்ச் 2024

அவர் இல்லாமலே இறுதியில் ஜார்ஜ்டவுனை 78-42. களத்துக்கு வரக்கூடியவர்களை எண்ணிப் பாருங்கள்: பெக்கர்ஸ், மூல், ஷேட், ஆர்னல்ட், பிரேடி, சாமுவேல்ஸ். டிபெரியையும் சேர்த்தால் ஏழு. போன வருஷம் ஆட்டத்தைத் தள்ளிப்போட வைத்த அதே எண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான் மேலே.

கோப்பைக்கு நடுவில் கவலைப்பட ஒரு விஷயம். மார்ச் ஆட்டங்கள் ஒரு நாள் இடைவெளியில் வரும். 2022இல் ஆண்கள் பிரிவில் வில்லனோவா ஆறேழு பேரை வைத்தே இறுதி நால்வர் வரை வந்தது. ஹூஸ்டனோடு ஆடி முடிக்கும் தறுவாயில் ஜஸ்டின் மூருக்குக் குதிகால் தசைநாண் போனது. அடுத்த ஆட்டத்தில் கன்சாஸ் 81-65. குறைந்த ஆளோடு தூரம் போகலாம், இன்னும் ஒருவரை இழக்க மட்டும் முடியாது.

ஸ்கோர்ஷீட் | 12 மார்ச் 2024, சற்றுமுன் எழுதியதற்கு

எட்டாவது ஆளே இல்லாத இடத்தில் "அதே எண்ணுக்கு ஒன்று மேலே" என்று எழுதியிருக்கிறேன், ஏழுக்கு மேல் என்று தோன்றும். ஆறுக்கு ஒன்று மேலே என்று படிக்கவும். விதிக்குச் சரியாக ஏழு. கணக்கு வாத்தியார் மன்னிப்பாராக.

மூலைவீச்சு | 2 ஏப்ரல் 2024

டியூக் 53-45. யுஎஸ்சி 80-73. இறுதி நால்வர்!! ஐந்து பேர் சாதாரண உடையில் பெஞ்ச்சில்!

முட்டிப்பாடம் | 6 ஏப்ரல் 2024

அயோவாவிடம் 71-69 தோல்வி. 3.9 விநாடி மிச்சம், ஒரு புள்ளி பின்னால், பந்து நம்மிடம், எட்வர்ட்ஸ் திரை போடும்போது (தடுக்க வருகிறவரின் வழியில் குறுக்கே நிற்பது) நகர்ந்தார் என்று ஃபவுல். நடுவரைத் திட்ட வேறு இடம் இருக்கிறது. 39 ஆட்டம் ஆடிய கால்கள். கடைசிக் கால்பகுதியில் எறிந்த பந்துகள் வளையத்தின் முன்விளிம்பில் தட்டுவதைக் கவனித்தீர்களா? குறி தப்பினால் பந்து இடம் வலம் போகும். கால் ஓய்ந்தால் முன்விளிம்பு.

முட்டிப்பாடம் | 21 நவம்பர் 2024

நேற்று ஃபட் திரும்பினார், ஃபேர்லி டிக்கின்சனோடு. அறுவைச் சிகிச்சை 2023 நவம்பர் 28. ஒரு வருஷத்துக்கு எட்டு நாள் குறைவு. பெக்கர்ஸ் 2022 ஆகஸ்ட் 5இலிருந்து 2023 நவம்பர் 8 வரை, பதினைந்து மாதம். "ஒன்பது மாதம்" என்று நான் முதல் நாள் எழுதியது வாசல்படி மட்டும்.

இன்னொன்றும் அப்போது சொல்லாமல் விட்டேன். திரும்பலாமா என்பதற்கு அடிபட்ட காலின் தொடைப் பலம் மற்றக் காலில் 90 சதவீதம் இருக்க வேண்டும், ஒற்றைக்கால் தாவல் தூரமும் அப்படியே என்பது வழக்கமான அளவுகோல். இதில் ஏமாற்று உண்டு. ஆறு மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலோடு ஒப்பிட்டால் 90 எளிதில் வரும். அடிபடுவதற்கு முன் எடுத்து வைத்த அளவு இருந்தால் அதோடுதான் ஒப்பிட வேண்டும். தாவலிலும் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. முட்டி வேலையை இடுப்பும் கணுக்காலும் ஏற்றுக்கொண்டு தூரத்தைச் சரிக்கட்டிவிடும்.

ஸ்கோர்ஷீட் | 7 ஏப்ரல் 2025

இறுதி ஆட்டத்தில் 82-59 வெற்றி. ஃபட் 24, சேரா ஸ்ட்ராங் 24, பெக்கர்ஸ் 17. பன்னிரண்டாவது பட்டம். இறுதி நால்வரின் சிறந்த ஆட்டக்காரி ஃபட்.

மூலைவீச்சு | 7 ஏப்ரல் 2025

தூங்கவில்லை, தூங்கவும் போவதில்லை. ஒன்று மட்டும். யுஎஸ்சியின் ஜூஜூ வாட்கின்ஸுக்கு மார்ச் 24 அன்று ஏசிஎல் போனதே, அதனால்தான் நமக்கு அந்த ஆட்டம் 78-64 என்று எளிதானது, மறைப்பானேன். டிசம்பர் கடைசியில் ஒன்பது மாதம் ஆகிவிடும். அடுத்த ஜனவரியில் அவர் வந்துவிடுவார்தானே?

முட்டிப்பாடம் | 7 ஏப்ரல் 2025

முதல் பக்கத்துக்குப் போய் என் இரண்டாவது பதிவிலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள்.